அப்பத்தா அறையில் நிற்காமல் ஓடிய ஏசி

கத்திரி வெயில் தொடங்கிய நான்காம் நாள் காரைக்குடி அருகே பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பத்தாவுக்கு வயது 84. என்னிடம் அவர் முதலில் முறையிட்டது முழங்கால் வலியைப் பற்றி அல்ல, தன் அறையில் இருக்கும் ஏசியைப் பற்றி. "படுக்கும்போது ஒண்ணும் தெரியல. விடியக்காலம் குளிர் எலும்புக்குள்ள போகுதப்பா. நிப்பாட்டச் சொன்னா அரை மணியில வேர்த்து ஊத்துது" என்றார். வீட்டோடு தங்கி அவரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா, இரவு மூன்று மணிக்கு எழுந்து வந்து சுவிட்சை அணைப்பதும் நான்கு மணிக்கு மறுபடி போடுவதுமாக இரண்டு கோடைகளை ஓட்டியிருக்கிறார். ஓர் எந்திரம் செய்ய வேண்டிய வேலையை ஒரு மனுஷி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏசி 1.5 டன் ஜன்னல் ஏசி, பழையது. ரிமோட் கிடையாது. முன்பக்கத்தில் இரண்டு நாப்கள் உண்டு: ஒன்று விசிறி வேகத்துக்கு, மற்றொன்று 1 முதல் 7 வரை எண் போட்ட தெர்மோஸ்டாட், அதாவது அறை போதுமான அளவு குளிர்ந்ததும் கம்ப்ரசரை நிறுத்தும் உறுப்பு. முந்தைய மாதம் வந்து பார்த்த மெக்கானிக், கம்ப்ரசர் களைத்துவிட்டது, கேஸ் குறைந்துவிட்டது, புதிது வாங்குவதே நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எதையும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. எனவே திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சாதாரண டிஜிட்டல் வெப்பமானிகள் மூன்றை வாங்கினேன். அவற்றை நம்புவதற்கு முன், பொடித்த பனிக்கட்டியில் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி மூன்றின் முனைகளையும் அதில் வைத்தேன். உருகும் பனிக்கட்டி 0 டிகிரியில் நிற்கும் என்பதால் இதைவிட மலிவான அளவுகோல் வீட்டில் கிடையாது. இரண்டு சரியாக இருந்தன, மூன்றாவது 1.5 டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதன் முதுகில் "1.5 கழிக்கவும்" என்று எழுதி ஒட்டிவிட்டு, ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டிலும், ஒன்றை ஏசி காற்றை உள்ளே இழுக்கும் முன்பலகையின் அருகிலும், ஒன்றைக் கதவு நிலைக்கு மேலே ஏழடி உயரத்திலும் வைத்தேன்.

இரவு 10 மணிக்குத் தலைமாட்டில் 29, மேலே 31. நள்ளிரவு 2 மணிக்குத் தலைமாட்டில் 25. காலை 5 மணிக்கு 22. இடைப்பட்ட அத்தனை நேரமும் கம்ப்ரசர் ஒரு முறைகூட நிற்கவில்லை. நாப் 4-இல் இருந்தது. உள்ளே போகும் காற்று 25 டிகிரியாக இருக்கையில் வெளியே வரும் காற்று 13 டிகிரி, அதாவது 12 டிகிரி வித்தியாசம். கேஸ் தீர்ந்த ஏசியால் இந்த வித்தியாசத்தைக் கொடுக்க முடியாது. குளிரூட்டும் வேலை ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது; போதும் என்று சொல்ல வேண்டிய உறுப்புதான் வாயைத் திறக்கவில்லை.

அந்த உறுப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாப்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய பெட்டியிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று நீண்டு, குளிர்ச்சுருளுக்கு முன்னால் வந்து முடிகிறது. அதன் நுனியில் சற்றே பருத்திருக்கும் பகுதியை மெக்கானிக்குகள் பல்பு என்பார்கள். உள்ளே வாயு அடைபட்டிருக்கிறது. அறைக்காற்று சூடாக இருந்தால் வாயுவின் அழுத்தம் கூடி, பெட்டிக்குள் இருக்கும் தோல்பை போன்ற தகடு உப்பி, மின்தொடர்பை மூடுகிறது. காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறைந்து தொடர்பு திறக்கிறது, கம்ப்ரசர் நிற்கிறது. நாப்பைத் திருப்பும்போது நாம் செய்வதெல்லாம், அந்தத் தகட்டுக்கு எதிராக நிற்கும் ஸ்பிரிங்கை இறுக்குவதும் தளர்த்துவதும்தான். இதிலிருந்து ஒரு முக்கியமான துப்பு கிடைக்கிறது: குழாய் கீறி வாயு வெளியேறிவிட்டால், பெட்டி அதைக் கடுங்குளிர் என்றே எண்ணிக்கொள்ளும், கம்ப்ரசர் ஓடவே ஓடாது. எங்கள் வீட்டில் கதை தலைகீழ். ஆகவே குழாய் நலமாகத்தான் இருக்க வேண்டும்; ஒன்று பல்பு தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது மின்தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு தெரிந்தபடி, இரண்டும்.

மறுநாள் காலை ஏசிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கி, பிளக்கையும் பிடுங்கி, முன்பலகையைக் கழற்றினேன். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் மின்னேற்றத்தைத் தக்க வைத்திருக்கும். அதை அறியாமல் கைவைத்துத் தூக்கியடிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு வாட்டுக்குக் குறையாத 20,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நல்ல உறையிட்ட கம்பிகளைக் கோத்து, கெபாசிட்டரின் முனைகளில் சில விநாடிகள் பிடித்து வடியவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே விரலை உள்ளே விட்டேன். ஒவ்வொரு கம்பியையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

பல்பு இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பிடிப்பு காலியாக இருந்தது. பல்பு பக்கவாட்டில் சரிந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியின் இரும்புத் தகட்டில் சாய்ந்து, காற்றோட்டமே இல்லாத மூலையில் தூசிப் பஞ்சு போர்த்திக்கொண்டு கிடந்தது. முந்தைய ஆண்டு சுருளைக் கழுவ வந்தவர் அதை விலக்கி வைத்துவிட்டு, திரும்பப் பொருத்த மறந்திருக்க வேண்டும். இரண்டு கோடையாக அந்தத் தெர்மோஸ்டாட் அளந்துகொண்டிருந்தது அப்பத்தாவின் அறையை அல்ல, அந்த மூலையின் வெதுவெதுப்பை. மென்மையான தூரிகையால் துடைத்து, பிடிப்பில் மீண்டும் பொருத்தினேன். இங்கே இரண்டு விஷயங்களில் அவசரம் கூடாது. செம்புக் குழாயை மடக்காமல், பெரிய வளைவாகவே கொண்டுபோக வேண்டும். ஒரு மடிப்பு விழுந்தால் உறுப்பே வீண். பல்பு சுருளின் தகடுகளைத் தொடவும் கூடாது. தொட்டால் காற்றின் வெப்பத்துக்குப் பதில் சுருளின் குளிரை அளந்து, அறை குளிர்வதற்கு முன்பே கம்ப்ரசரை நிறுத்திவிடும். குழாய் மின்முனைகளின் அருகே போகும் இடத்தில் அதன் மேல் உறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அன்றிரவு 12 மணி வாக்கில் 'டக்' என்ற சத்தத்துடன் கம்ப்ரசர் நின்றது. உடனே அப்பத்தா எழுந்து உட்கார்ந்து, "நின்னு போச்சுப்பா, சுத்தமாப் போச்சு" என்றார். நின்றால்தான் நல்லது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏழெட்டு நிமிடத்தில் அது திரும்ப ஓடத் தொடங்கியதும், அரைமனதாகப் படுத்துக்கொண்டார்.

இரண்டு இரவுகள் சரியாக ஓடியது. மூன்றாம் இரவு மறுபடி 22 டிகிரி. பல்பு தன் இடத்தில்தான் இருந்தது. இம்முறை தெர்மோஸ்டாட்டையே கழற்றி, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து சோதித்தேன். ஒரு டம்ளரில் தண்ணீர், அதில் வெப்பமானியும் பல்பும், பெட்டியின் இரண்டு மின்முனைகளிலும் மல்டிமீட்டரின் கம்பிகள். மீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்தால், தொடர்பு மூடியிருக்கும்வரை கீச்சென்று ஒலிக்கும். நாப்பை 4-இல் வைத்துப் பனிக்கட்டியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கினேன். 23 டிகிரியில் ஒலி நின்றது. வெந்நீர் கலந்தேன், 26-இல் திரும்ப வந்தது. இந்த 3 டிகிரி இடைவெளி பழுது அல்ல, வேண்டுமென்றே வைத்தது. அது இல்லையென்றால் கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடிச் சீக்கிரமே படுத்துவிடும். ஆனால் ஆறாவது முறை தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கிய பிறகும் ஒலி நிற்கவில்லை. திருப்புளியின் கைப்பிடியால் பெட்டியை லேசாகத் தட்டியதும் 'டக்' என்று விடுபட்டது.

காரணம் புரிந்தது. இவ்வகை ஜன்னல் ஏசியில் கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இந்தத் தொடர்பின் வழியாகவே போகிறது. ஓடும்போது எட்டு ஆம்பியருக்குக் குறையாது. கிளம்பும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு. ஒவ்வொரு முறையும் சிறு பொறி பறந்து, தொடர்புப் புள்ளிகள் குழிவிழுந்து, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மின்முனையின் பிளாஸ்டிக் பழுப்பேறியும் இருந்தது. அங்கே கம்பியின் லக், அதாவது நுனியில் இருக்கும் உலோக இணைப்பு, தளர்ந்து சூடேறியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தெருவில் ஒருவர் ஆலோசனை சொன்னார். அப்படித் தேய்த்தால் மேற்பூச்சும் போய், அடுத்த மாதம் இன்னும் மோசமாக ஒட்டும். மாற்றுவதுதான் வழி.

காரைக்குடிக்குப் போய் ஒரு கடையில் பழையதைக் காட்டி, அதே போல ஒன்று வாங்கி வந்தேன். அதே அளவுப் பெட்டி, இரண்டு முனை, செம்புக் குழாய். பொருத்துவதற்கு முன் அதையும் டம்ளர் சோதனைக்கு உட்படுத்தியது என் நல்ல காலம். தண்ணீர் 0 டிகிரிக்குப் போயும் அது தொடர்பைத் திறக்கவில்லை. கடைக்காரர் கொடுத்தது ஃபிரிட்ஜுக்கு உரிய தெர்மோஸ்டாட். அது உறைநிலைக்கு வெகு கீழேதான் நிற்கச் சொல்லும். அதைப் பொருத்தியிருந்தால் ஏசி நிற்காமல் ஓடிச் சுருளில் பனி கட்டியிருக்கும், நானும் வேறெங்கோ பழுது தேடிக்கொண்டிருந்திருப்பேன். குழாயின் நுனியில் பருத்த பல்பு இல்லாததையே நான் கவனித்திருக்க வேண்டும். மறுபடி 15 கிலோமீட்டர் போய், ஜன்னல் ஏசிக்கானது என்று கேட்டு வாங்கி, கடையிலேயே ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கேட்டுச் சோதித்த பிறகுதான் காசு கொடுத்தேன். 350 ரூபாய். புது லக்குகளை இறுக்கமாக அழுத்தி, எடுத்த படத்தைப் பார்த்துக் கம்பிகளை இணைத்தேன்.

இத்தோடு பழுது முடிந்தது. ஆனால் அப்பத்தாவின் குறை பாதிதான் தீர்ந்தது. விடியக்காலக் குளிர் போயிற்று, முன்னிரவில் வெக்கை அப்படியே இருந்தது. தலைமாட்டு வெப்பமானி 26 காட்டுகிறது, அப்பத்தா விசிறிமட்டையைத் தேடுகிறார். எந்திரத்தை நம்புவதா, பாட்டியை நம்புவதா என்று யோசித்துப் பாட்டியை நம்பினேன். அதுவே சரி என்று பிறகு தெரிந்தது.

அந்த அறை, பட்டகசாலை என்னும் கூடத்துக்கு மேற்கே, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த ரெட்டையறையில் உள்ளறை. கூரை 13 அடிக்கு மேல். சுவர் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உள்ள நீளத்தைவிடக் கனமானது. சுண்ணாம்புச் சாந்து பூசி முட்டைவெள்ளைக் கருவால் மெருகேற்றியது. கட்டியவர்கள் ஏசியை நினைத்துக் கட்டவில்லை. பகல் சூட்டைச் சுவர் மெதுவாக வாங்கிக்கொண்டு, மெதுவாகவே விடட்டும். சூடான காற்று மேலே ஏறி உச்சிச் சாளரத்தின் வழியே வெளியேறட்டும். முற்றத்திலிருந்து குளிர்ந்த காற்று தரையோடு வரட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஏசியைப் பூட்டி, கதவைச் சாத்தியதும் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. மல்டிமீட்டருடன் வந்த, வெப்பம் அளக்கும் கம்பியைச் சுவரில் ஒட்டப் போனேன்; "முட்டைப்பூச்சுச் சுவத்துல எதையும் ஒட்டாதே" என்று அப்பத்தா தடுத்துவிட்டார். எனவே பஞ்சுப் பொதியை மேலே வைத்து, நாற்காலியின் முதுகால் அழுத்திப் பிடித்து அளந்தேன். இரவு 10 மணிக்கு மேற்குச் சுவர் 33 டிகிரி. காலை 5 மணிக்கு 28.

தெர்மோஸ்டாட் அளப்பது தன்னைத் தொட்டுச் செல்லும் காற்றை மட்டுமே. நம் உடம்போ காற்றோடு சேர்த்துச் சுவரின் கதிர்வீச்சையும் உணர்கிறது. அதனால் 33 டிகிரிச் சுவர்கள் சூழ்ந்த முன்னிரவின் 26 வேறு, சுவர் ஆறிய விடியற்காலையின் 26 வேறு. எண் ஒன்றுதான், ஆனால் அப்பத்தா இரண்டு வேறு அறைகளில் படுத்திருக்கிறார். இதற்கு நாப்பை 7-க்குத் திருப்புவதுதான் மருந்து என்று வீட்டில் அனைவரும் நம்பியிருந்தார்கள். 7-இல் வைத்தால் அறை வேகமாகக் குளிராது. இந்தக் கம்ப்ரசருக்கு ஓடுவது, நிற்பது என்ற இரண்டு நிலைகளே உண்டு. 7 என்பது எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். தூங்கியபின் திருப்பி வைக்க யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்பதால், அதுவே விடியலில் குளிராக வந்து நிற்கிறது.

ஆகவே சுவரைக் கவனித்தேன். மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில் பிற்பகல் முழுவதும் படும் வெயிலை, மூங்கில் தட்டி கட்டி மறைத்தேன். உச்சிச் சாளரங்கள் இரண்டையும் பகலில் திறந்துவிட்டு, மாலையில் தெர்மோகோல் அட்டையைத் துணியில் சுற்றிச் செருகி அடைக்கச் சொன்னேன். ஏசியைப் படுக்கும் நேரத்துக்கு அல்ல, 8 மணிக்கே 26-இல் போட வைத்தேன். கூரை விசிறி மெதுவாகச் சுற்றட்டும் என்று விட்டதில், மேலே 31, கீழே 27 என்று அடுக்கடுக்காக நின்ற காற்று கலந்து, தெர்மோஸ்டாட் அளப்பதும் அப்பத்தா உணர்வதும் ஓரளவு நெருங்கி வந்தன.

26 என்று எழுதுகிறேனே, நாப்பில் 1 முதல் 7 வரைதானே இருக்கிறது என்ற கேள்வி வரும். அந்த எண்கள் டிகிரி அல்ல, அவற்றுக்குத் தனிப் பொருள் கிடையாது. அறையைக் குளிரவிட்டு, முன்பலகை அருகே உள்ள வெப்பமானி 26 காட்டும்போது, நாப்பை 7-இலிருந்து மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பி, 'டக்' கேட்ட இடத்தில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தேன். அக்காவிடம் இருந்த நகப்பூச்சுதான். இரண்டு இரவு சரிபார்த்ததில், நிற்பது 26-இலும் ஓடத் தொடங்குவது 28-ஐ ஒட்டியும் அமைந்தது. நின்றபின் மூன்று நிமிடத்துக்குள் சுவிட்சைப் போட்டு மறுபடி கிளப்பக் கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே அழுத்தம் சமநிலைக்கு வருமுன் கிளப்பினால் கம்ப்ரசர் முனகும். எங்கள் ஊரில் மின்சாரம் போய் வரும் அழகுக்கு, தாமதம் வைத்த ஸ்டெபிலைசர் இல்லாமல் இதை நம்ப முடியாது.

மீட்டரில் இரவு 10 முதல் காலை 6 வரை முன்பு 15 யூனிட் போனது, இப்போது 10. 1883-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றதற்குத் தூண்டுதல், வகுப்பு நடக்கும்போது பணியாள் அடிக்கடி உள்ளே வந்து சூட்டைப் பார்த்துவிட்டுப் போனதுதான் என்பார்கள். எங்கள் அக்காவும் இப்போது மூன்று மணிக்கு எழுவதில்லை.

மாடியில் சித்தப்பாவின் அறையில் இருப்பது இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. அதையும் ஒரு கை பார்த்தேன். அதில் செம்புக் குழாய் கிடையாது. வடிகட்டிக்குப் பின்னால் உளுந்து அளவுக்கு ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். வெப்பம் கூடக்கூட அதன் மின்தடை குறையும். அவருடைய ஏசியில் இருப்பது 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் வகை. பனிக்கட்டி நீரில் 32,000-ஐ ஒட்டி வந்தது, நலம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது 5,000, 15,000, 20,000 என்று மாறும் என்பதால், எண் தெரியாமல் மாற்றக் கூடாது. அவருடைய சிக்கல் வேறு. பத்தடி உயரத்தில் மாட்டிய ஏசி மேலே தேங்கிய வெக்கையை அளந்து, கீழே விறைக்க வைத்தது. ரிமோட்டிலேயே உணரியை வைத்து, அதன் இடத்து வெப்பத்தைக் கணக்கில் கொள்ளும் வசதி அந்த மாடலில் இருந்தது, அதை இயக்கினோம். இரண்டாம் நாள் "சரியே இல்லப்பா" என்றார். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறார். அது அவர் உடம்புச் சூட்டை ஏசிக்குச் சொல்லியிருக்கிறது. இப்போது அது கட்டிலருகே முக்காலியின் மேல் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அவருடையதும் அப்படித்தான் தொடங்குகிறது. உடனே 18-க்கு இறக்கும் கையை மட்டும் நிறுத்த முடியவில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அது அடைத்தால் பல்பைத் தொடும் காற்றே குறைந்து அளவு பிசகும். கழுவ வரும் ஆள் போனபின், பல்பு பிடிப்பில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பங்குனியில் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து லக்குகளின் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். துரு நீக்கும் எண்ணெயைத் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள் அடிக்கவே கூடாது.

கோயம்புத்தூர் திரும்பிப் பத்து நாள் கழித்து அப்பத்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. "நேத்து ராத்திரி அது நிக்கவே இல்லப்பா. மத்த நாள்ல ரெண்டு மணிக்குள்ள நாலஞ்சு தடவ டக்குனு சொல்லும், நேத்து ஒரு தடவகூடச் சொல்லல" என்றார். தொடர்பு மறுபடி ஒட்டிவிட்டதோ என்று எனக்குப் பகீரென்றது. அக்காவிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். நாப்பில் சிவப்புப் புள்ளி சரி, வடிகட்டி சரி, கதவு சரி. உச்சிச் சாளரத்தின் அட்டைகளில் ஒன்று மட்டும் கழன்று, மரப்பெட்டகத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.